எல்லாம் புரிந்தது, எழுதத்தான் வரவில்லை

2013 ஜனவரி மாதக் கடைசி. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் கோர்செரா தளத்தில் ஒரு புது வகுப்பை ஆரம்பித்தது. 40,000 பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். அத்தனை பேரையும் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து விவாதிக்க வைக்க வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் எப்படிப் பிரிப்பது? ஒரு கூகுள் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து வைத்து, வந்து பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாண வீட்டில் ஒரே ஒரு மொய் நோட்டை வைத்துவிட்டு ஊரையே வரிசையில் நிறுத்திய கதைதான். ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் திருத்தலாம் என்று அந்தத் தாளுக்கு ஒரு வரம்பு உண்டு. அது திணறிப்போனது. குழுவும் அமையவில்லை, விவாதமும் நடக்கவில்லை. ஒரு வாரம் முடிவதற்குள் வகுப்பையே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

வகுப்பில் என்ன பாடம் தெரியுமா? "இணையக் கல்வியின் அடிப்படைகள்: திட்டமிடலும் நடைமுறையும்"!

இந்தக் கதையைக் கேட்கும் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது ஒரு நேர்மையான தோல்வி. தாள் நின்றுபோனது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, நடத்தியவர்கள் மன்னிப்புக் கேட்டு மூடினார்கள். கண்ணுக்கே தெரியாமல் தோற்கிற இணைய வகுப்புகள் இதைவிட ரொம்ப அதிகம். அவற்றில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடும். ஆசிரியர் அருமையாகப் பேசுவார். படிப்பவருக்கும் எல்லாம் புரியும். மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரமும் விழும். தோற்றது தேர்வு அறையில்தான் தெரியும்.

ஒரு பொறியியல் மாணவியை நினைத்துப் பாருங்கள். விடுதி அறை, இரவு பதினோரு மணி, காதில் இயர்போன். என்பிடெல் வீடியோ ஒன்றை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறாள். பேராசிரியர் ஒரு கணக்கை எடுத்து, படிப்படியாகப் போட்டு, விடைக்குக் கீழே கோடு இழுக்கிறார். அவளுக்கு எந்த இடத்திலும் இடறவில்லை. அடுத்த வீடியோ. அதுவும் புரிகிறது. பன்னிரண்டு வாரப் பாடத்தையும் இப்படியே முடித்துவிட்டாள். தேர்வில் அதே கணக்குதான், எண்கள் மட்டும் வேறு. பேனா முதல் வரியிலேயே நிற்கிறது. வெளியே வந்ததும் அவள் சொல்வது, "எல்லாம் புரிஞ்சுதுடி, எழுதத்தான் வரல." பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது, "இன்னும் நல்லா படிச்சிருக்கணும்."

அவள் படிக்காமல் இல்லை. கணக்குப் போடுவதைப் பார்த்தாள். ஒரு கணக்கையும் போடவில்லை. போட வேண்டிய கட்டாயத்தை அந்தப் பாடம் எந்த இடத்திலும் அவளுக்கு உண்டாக்கவில்லை. இது யார் தப்பு?

இந்த "புரிஞ்ச மாதிரி இருக்கு" என்கிற உணர்வை ஒருவர் உட்கார்ந்து அளந்தே பார்த்திருக்கிறார். பெயர் டெரெக் முல்லர். இன்று வெரிடாசியம் என்ற யூடியூப் சேனலால் உலகம் முழுக்கத் தெரிந்தவர். 2011-இல் அந்தச் சேனலை ஆரம்பிப்பதற்கு முன் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். இயற்பியலை வீடியோவில் எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மண்டையில் ஏறும் என்பதுதான் கேள்வி.

நியூட்டன் விதிகளை விளக்கி, ஒரு குறையும் சொல்ல முடியாத, தெளிவான வீடியோ ஒன்றைத் தயார் செய்தார். மாணவர்களுக்கு முதலில் ஒரு தேர்வு, அப்புறம் வீடியோ, அப்புறம் மறுபடி தேர்வு. வீடியோவைப் பற்றிக் கேட்டால் மாணவர்கள் "தெளிவாக இருந்தது, சுலபமாகப் புரிந்தது" என்றார்கள். மதிப்பெண்ணைப் பார்த்தால் கிட்டத்தட்ட நகரவே இல்லை! அதைவிட மோசம், தங்களுடைய பழைய தப்பான பதில்களின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை கூடியிருந்தது.

எப்படி? பந்தை மேலே எறிகிறோம். கையை விட்டுப் போன பிறகு, மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் என்ன விசை இருக்கிறது? காற்றை விட்டுவிட்டால் புவியீர்ப்பு மட்டும்தான். ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் மனதுக்குள் "எறிந்த விசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும்" என்றுதான் வைத்திருப்போம். தெளிவான வீடியோவைப் பார்க்கும்போது, அது தான் ஏற்கெனவே நினைத்ததையே சொல்கிறது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. தெரிந்ததுதானே என்று கவனத்தைக் குறைத்துவிடுகிறது. எது வேறுபடுகிறது என்பதைப் பார்ப்பதே இல்லை.

முல்லர் இன்னொரு வகை வீடியோவும் எடுத்தார். அதில் இரண்டு பேர் பேசுவார்கள். ஒருவர் அந்தத் தப்பான எண்ணத்தை அப்படியே வெளியே சொல்வார். இன்னொருவர் அதைக் கேள்வி கேட்டுக் கேட்டு உடைப்பார். இதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்று குறைபட்டுக்கொண்டார்கள். மண்டையைக் கசக்க வேண்டியிருந்ததாம். ஆனால் மதிப்பெண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது.

2019-இல் ஹார்வர்டில் நேரடி இயற்பியல் வகுப்புகளிலும் இதே மாதிரி ஒரு முடிவு வந்தது. ஒரு பிரிவுக்கு நல்ல சொற்பொழிவு. இன்னொரு பிரிவில் மாணவர்களே சிறு குழுக்களாகக் கணக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டும். மல்லுக்கட்டியவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். இணைய வகுப்பை மாணவர்களின் நட்சத்திர மதிப்பீட்டை வைத்தே சீர்செய்து கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நட்சத்திரத்தைத் துரத்தினால் வகுப்பு மேலும் மேலும் வழவழப்பாகும். கற்றல் அதோடு சேர்ந்து கூடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

மறதி பக்கம் இருந்தும் இதே சங்கதி உண்டு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு உரைநடைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு தடவை படித்த பின், ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு சாரார் தாளை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னால், 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ்! எழுதிப் பார்த்தவர்கள் 56, மறுபடி படித்தவர்கள் 42. தேர்வுக்கு முந்தின இரவு வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்த ஐந்து நிமிட வெற்றி மட்டும்தான் கிடைக்கிறது.

சரி, இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு பாடத்தை எப்படி மாற்றுவது? பாட வடிவமைப்பு என்ற துறை இணையத்துக்கு ரொம்ப முந்தியது. ராணுவத்தில் லட்சக்கணக்கான ஆட்களுக்குக் குறுகிய காலத்தில் பயிற்சி தர வேண்டியிருந்த தேவையில் வளர்ந்தது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பயிற்சி முடிந்ததும் இந்த ஆள் எதைச் செய்து காட்ட வேண்டும்?" நம் வழக்கமோ நேர் எதிர். சிலபஸில் ஐந்து யூனிட், யூனிட்டுக்கு எட்டு லெக்சர், கேமராவை ஆன் செய். கடைசியில் கேள்வித்தாள் தயாரிக்கும்போதுதான் மாணவர் எதைச் செய்ய வேண்டும் என்ற யோசனையே வருகிறது.

ஒரு சின்ன உதாரணம். ஒரு பேட்டரி. அதில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருக்கிறோம். எது அதிகப் பிரகாசமாக எரியும்? (மேலே படிப்பதற்கு முன் மனதுக்குள் ஒரு பதிலை முடிவு செய்துகொள்ளுங்கள்.)

வழக்கமான இணைய வகுப்பில் இது ஐம்பது நிமிட வீடியோ. ஓம் விதி, கிர்ச்சாஃப் விதிகள், சுற்றுப் படம், மூன்று சமன்பாடு, "ஆகவே தொடர் இணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம்". மாணவி தலையாட்டுவாள். முடிந்தது.

மாற்றி அமைத்தால், வீடியோவுக்கு முன்னாலேயே இந்தக் கேள்வி வரும். பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. மதிப்பெண் கிடையாது, அதனால் பயமும் கிடையாது. நான்கு விடைகளில் ஒவ்வொரு தப்பான விடையும் மாணவர்கள் நிஜமாகவே செய்யும் ஒரு தப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். எண்ணிக்கையை நிரப்பப் போட்டதாக இருக்கக் கூடாது. "பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் பல்பு" என்று தேர்ந்தெடுப்பவர் நிறையப் பேர். அவர்கள் மனதில் மின்னோட்டம் என்பது பந்தியில் பரிமாறும் பாயசம் மாதிரி. முதலில் இருப்பவர் வாங்கியது போக மிச்சம்தான் அடுத்தவருக்கு. இவர்களுக்கு "தவறு, சரியான விடை இ" என்று மட்டும் காட்டினால் என்ன பிரயோஜனம்? "முதல் பல்பு கொஞ்சம் மின்னோட்டத்தைத் தின்றுவிட்டது என்று நினைத்தீர்களா? அப்படியானால் அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அம்மீட்டர் வைத்தால் என்ன காட்ட வேண்டும்?" என்று கேட்க வேண்டும். இதற்குப் பிறகு மூன்று நிமிட வீடியோ. இரண்டு அம்மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன, இரண்டு பல்பும் சமமாக எரிகின்றன. இப்போது கிர்ச்சாஃப் விதியைச் சொன்னால் அது ஒரு சண்டையைத் தீர்த்துவைக்க வருகிறது. காது கொடுத்துக் கேட்பார்கள்.

அடுத்தது கணக்கு. இங்கே ஆர்வக்கோளாறில் ஒரு தப்பு நடக்கும். செய்தால்தான் கற்கலாம் என்றதும், புதிதாக வந்தவர் கையில் பத்து கணக்கைக் கொடுத்து "போடு" என்பது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லர் 1980-களிலேயே அல்ஜீப்ரா கணக்குகளை வைத்துக் காட்டியது இதுதான்: ஒன்றும் தெரியாத நிலையில் கணக்கோடு தனியாகப் போராடுபவரைவிட, முழுதாகப் போட்டுக் காட்டிய கணக்குகளைப் படித்துப் பார்ப்பவர் வேகமாகத் தேறுகிறார். நம் தற்காலிக நினைவில் இடம் ரொம்பக் குறைவு. வழியைத் தேடுவதிலேயே அது நிரம்பிவிட்டால் கற்க இடமிருக்காது. ஆகவே முதலில் முழுதாகப் போட்ட ஒரு கணக்கு. அடுத்ததில் கடைசி இரண்டு வரிகள் காலி, மாணவி நிரப்ப வேண்டும். அதற்கடுத்ததில் பாதி காலி. பிறகு வெறும் தாள். சைக்கிள் கற்றுக்கொடுக்கும் அப்பா சீட்டைப் பிடித்திருந்த கையை எப்போது எடுத்தார் என்று நமக்குத் தெரியாதல்லவா, அது மாதிரி. இரண்டு வாரம் கழித்து, வேறு பாடம் நடக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் இந்தப் பல்புக் கேள்வி இன்னொரு உருவத்தில் திரும்ப வர வேண்டும்.

வீடியோவின் நீளம் பற்றி எல்லோருக்கும் ஒரு எண் தெரியும். ஆறு நிமிடம். 2014-இல் குவோ, கிம், ரூபின் மூவரும் எட்எக்ஸ் தளத்தின் நான்கு வகுப்புகளில் 69 லட்சம் தடவை வீடியோக்கள் பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்ததில் கிடைத்தது அது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர்கள் சராசரியாக ஆறு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. இதைப் படித்துவிட்டு ஒரு மணி நேர லெக்சரைப் பத்துத் துண்டாக வெட்டி ஏற்றியவர்கள் ஏராளம்! ஆனால் வகுப்பறை லெக்சரை வெட்டிப் போட்ட துண்டுகள், முதலிலிருந்தே சின்னதாகத் திட்டமிட்டு எடுத்தவற்றைப் போல மாணவர்களைப் பிடித்து நிறுத்தவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதை வசதியாக மறந்துவிட்டார்கள். சினிமாவைக் காட்சிகளாக வெட்டினால் அது சீரியல் ஆகிவிடாது.

(பவர்பாயிண்டில் இருப்பதை வரிக்கு வரி அப்படியே வாசிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே வார்த்தைகளைக் கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் கற்றல் பொதுவாகக் குறைகிறது என்று ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டிவிட்டார். படம் காட்டிப் பேசு, எழுத்தைக் காட்டிப் படிக்காதே. இத்தனைக்குப் பிறகும் அது நின்றபாடில்லை.)

ஜார்ஜியா டெக்குக்கே திரும்பி வருவோம். அதே 2013-இல் அதே பல்கலைக்கழகம் அதே கோர்செராவில் இன்னொரு வகுப்பும் நடத்தியது, அறிமுக உளவியல். இதில் வீடியோவோடு, கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய பயிற்சிகளும் சேர்க்கப்பட்டிருந்தன. க்ளிக் செய்து, பதில் எழுதி, உடனே திருத்தம் பெறுகிற மாதிரி. விரும்பியவர்கள் செய்யலாம். 2015-இல் வெளியான ஆய்வில், மாணவர்களின் கற்றலோடு பயிற்சி செய்வதற்கு இருந்த தொடர்பு, வீடியோ பார்ப்பதற்கு இருந்ததைவிட ஆறு மடங்கு பெரிது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிரிப்பாய்ச் சிரித்த வகுப்பு எல்லோருக்கும் தெரியும். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்படியானால் ஏன் எல்லோரும் இப்படிச் செய்வதில்லை? காசும் ஆளும்தான் காரணம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது இணையம் கிடையாது. தபாலும் பிபிசி ஒளிபரப்பும்தான். ஆனால் ஒரு பாடத்துக்கு ஒரு ஆசிரியர் என்று விடவில்லை. பாட நிபுணர்கள், கல்வித் தொழில்நுட்பம் தெரிந்தவர், பிபிசி தயாரிப்பாளர் என்று ஒரு குழுவே உட்கார்ந்து எழுதியது. மாணவர் அனுப்பும் விடைத்தாளைத் திருத்தி, பக்கத்தில் குறிப்பு எழுதி அனுப்ப டியூட்டர்கள் இருந்தார்கள். இன்று ஒரு கல்லூரி ஆசிரியரிடம் ஒரு வெப்கேமராவைக் கொடுத்து, வழக்கமான வகுப்புகளுக்கு நடுவே "ஒரு ஆன்லைன் கோர்ஸும் பண்ணிடுங்க சார்" என்றால் அவர் என்னதான் செய்வார்? கையில் இருக்கும் பிபிடியை வாசிப்பார்.

என்பிடெல்லின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. 2003-இல் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து ஆரம்பித்தபோது அது பெரும்பாலும் ஒரு மணி நேர லெக்சர்களின் களஞ்சியம். நல்ல ஆசிரியர் கிடைக்காத கல்லூரிகளின் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வரம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2014-இலிருந்து வாராந்திர அசைன்மெண்ட், நேரில் போய் எழுதும் தேர்வு, சான்றிதழ் என்று மாறியது. அசைன்மெண்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மெண்ட் மட்டும் கணக்கு. கல்லூரியில் இன்டர்னல் வந்த வாரத்தில் கோட்டை விட்டவள் அதனாலேயே தோற்கமாட்டாள். இதை யோசித்தவருக்கு மாணவர் வாழ்க்கை தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்த 25 மதிப்பெண்ணே ஒரு வினையாகவும் ஆனது. ஒவ்வொரு வாரமும் "இந்த வார விடைகள்" என்று யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்துவிடுகிறது. மாணவரைச் செய்ய வைப்பதற்காக வைத்த ஒரே இடமும் இப்படிப் பார்த்து எழுதும் இடமாகிப்போனது. பழியை மாணவர் மேல் போட்டுவிட்டுப் போவது சுலபம். தப்பு செய்து பார்க்கும் இடத்திலேயே மதிப்பெண்ணை வைத்தால் யார் தப்பு செய்யத் துணிவார்கள்? வாரப் பயிற்சிக்கு மதிப்பெண் இல்லாமல், ஆளுக்கு ஆள் எண்கள் மாறி, எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம் என்று வைத்தால் டெலிகிராம் விடைக்கு மவுசு குறையும். சென்னை ஐஐடி 2020-இல் ஆரம்பித்த இணையப் பட்டப்படிப்பில் இன்னொரு நல்ல யோசனை உண்டு. ஜேஇஇ எழுதாதவர்களுக்கும் வாய்ப்பு உண்டு. நான்கு வாரப் பாடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அதிலேயே தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள்.

வடிவமைப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைப்பவர்கள் 2013-இல் கலிபோர்னியாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகமும் உடாசிட்டி நிறுவனமும் சேர்ந்து, பாடத்துக்கு 150 டாலர் என்று மூன்று கணித வகுப்புகளை இணையத்தில் நடத்தின. வீடியோ சின்னதுதான், நடு நடுவே கேள்விகளும் உண்டு. ஆனால் அடிப்படைக் கணித வகுப்பில் மூன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை. சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே அதே கணக்கில் ஒருமுறை தோற்றவர்கள். சேர்ந்த பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் கணினியோ நல்ல இணையமோ இல்லை. ஜூலை மாதம் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். உடாசிட்டியை ஆரம்பித்த செபாஸ்டியன் த்ருன் அதே வருடம் ஒரு பத்திரிகையிடம், தங்கள் சரக்கு மட்டமானது என்று ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டார். படிப்பவர் யார், எங்கே உட்கார்ந்து படிக்கிறார், தடுக்கினால் யாரைக் கேட்பார் என்பதெல்லாம் பாடம் எழுதுவதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியவை. பாட வடிவமைப்புப் புத்தகங்களில் அதற்குத்தான் முதல் அத்தியாயம். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போவதும் அதைத்தான்.

விடுதி அறையில் அந்த மாணவி இன்னும் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாராவது அவளுக்கான பாடத்தை எழுதும் வரை அவள் காத்திருக்க முடியாது, தேர்வு வந்துவிடும். பேராசிரியர் கணக்கைப் படித்து முடித்ததும், அவர் முதல் வரியைப் போடுவதற்கு முன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வீடியோ நிற்கும். பக்கத்தில் ஒரு ரஃப் நோட்டு போதும்.

கடைசியாக, மேலே இருந்த அந்தப் பல்புகள். தொடராக இரண்டு எரிந்துகொண்டிருக்கின்றன. இப்போது அதே மாதிரி மூன்றாவது பல்பு ஒன்றை இரண்டாவது பல்புக்கு மட்டும் இணையாகச் சேர்க்கிறோம். முதல் பல்பு முன்பைவிடப் பிரகாசமாகுமா, மங்குமா, அப்படியே இருக்குமா? இரண்டாவது? கூகுளில் தேடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.